கார்டீலியாவின் கண்ணீர்: பி. டி. ஜேம்ஸ் படைத்த பெண் துப்பறிவாளரும் வாசகர் தீர்ப்புகளும்

முன்னுரை

துப்பறியும் புதினங்களைப் பற்றிய திறனாய்வு நம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சூழலில் அருகியே காணப்படுகின்றது. மக்கள் பெருமளவில் விரும்பிப் படித்த இலக்கிய வகையைப் பற்றி ஆய்வாளர்கள் மிகக் குறைவாகவே எழுதியுள்ளனர் என்பது ஒரு முரண்தான். கொலையாளி யார் என்று தெரிந்த மறுகணமே வாசகர் நூலை மூடி வைத்துவிடுகிறார், அதன்பின் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது இந்தப் புறக்கணிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பல நூல்களுக்கு இது பொருந்தவும் கூடும். ஆனால் கொலையாளியைப் பற்றி யாதொரு கருத்து வேறுபாடும் இல்லாதிருக்க, துப்பறிந்தவரைப் பற்றி மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் வழக்காடி வரும் ஒரு புதினமும் உண்டு. 1972ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த பி. டி. ஜேம்ஸின் 'ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் அ வுமன்' என்பதே அது. தலைப்பைப் 'பெண்ணுக்கு ஏற்காத பணி' எனத் தமிழாக்கலாம். இதன் நாயகி கார்டீலியா கிரே, இருபத்திரண்டு வயதுத் தனியார் துப்பறிவாளர்.

இப்புதினத்தின் முடிவை ஏற்றோரும் ஏற்காதோரும் முன்வைக்கும் கருத்துகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கருத்துகளுள் ஒன்று நெடுங்காலம் என்னுடையதாகவே இருந்தது. அதை இப்பொழுது நான் அப்படியே ஏற்பதில்லை. முழுமையாகக் கைவிட்டுவிட்டேன் என்றும் சொல்வதற்கில்லை.

ஆசிரியரும் கதையும்

ஃபிலிஸ் டோரதி ஜேம்ஸ் 1920இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து, கேம்பிரிட்ஜ் நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பதினாறு வயதில் படிப்பை நிறுத்தியவர். பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. போரிலிருந்து மனநலம் குன்றித் திரும்பிய மருத்துவர் கணவரையும் இரு மகள்களையும் தம் சம்பளத்தால் காத்தவர். மருத்துவமனை நிர்வாகத்தில் நெடுங்காலமும், 1968 முதல் 1979 வரை பிரிட்டனின் உள்துறை அமைச்சிலும் பணியாற்றினார். காவல்துறையும் தடயவியலும் அவருக்கு ஏட்டறிவு அல்ல. முதற் புதினமான 'கவர் ஹெர் ஃபேஸ்' 1962இல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கவிஞரும் காவல் அதிகாரியுமான ஆடம் டால்கிளீஷ் என்னும் பாத்திரம் அப்புதினத்திலேயே அறிமுகமாகிவிட்டது. பத்தாண்டுகள் கழித்தே கார்டீலியா பிறக்கிறாள்.

கதையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். லண்டனின் கிங்லி தெருவில் நொடித்துக் கிடக்கும் ஒரு துப்பறியும் நிறுவனத்தின் பங்காளி பெர்னி பிரைட். காவல்துறையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். தமக்குப் புற்றுநோய் என்று அறிந்து அலுவலகத்திலேயே தற்கொலை செய்துகொள்கிறார். நிறுவனமும் உரிமமில்லாத ஒரு கைத்துப்பாக்கியும் இளம் பங்காளி கார்டீலியாவுக்கு வந்து சேர்கின்றன. சர் ரோனால்ட் கேலண்டர் என்னும் புகழ்பெற்ற அறிவியலறிஞர், கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டுத் தோட்ட வேலைக்குச் சென்று தூக்கில் தொங்கிய தம் மகன் மார்க் ஏன் அவ்வாறு செய்தான் எனக் கண்டறியுமாறு அவளை அமர்த்துகிறார். மார்க் வாழ்ந்த குடிலிலேயே கார்டீலியா தங்குகிறாள். அவன் விட்டுச் சென்ற உடையை அணிகிறாள், அவனது தோல் வாரை இடையில் கட்டிக்கொள்கிறாள். ஒரு வழிபாட்டு நூலில் எழுதப்பட்டிருந்த குருதிவகைக் குறிப்பு, மார்க் தன் தாயெனக் கருதிய பெண்ணுக்குப் பிறந்தவன் அல்லன் என்பதை அவளுக்குக் காட்டுகிறது. உண்மைத் தாய் கேலண்டரின் உதவியாளர் எலிசபெத் லீமிங். ஆய்வுக்கூடத்தின் பண ஊற்று அப்பொய்யான பிறப்பின்மீது நின்றது. அதைக் காக்கவே தந்தை மகனைக் கொன்றார். உண்மையறிந்த லீமிங், பெர்னியின் துப்பாக்கியாலேயே கேலண்டரைச் சுட்டுக் கொல்கிறார். கார்டீலியா அக்கொலையைத் தற்கொலையாகத் தோன்றும்படி மாற்றியமைக்கிறாள். இறுதியில் ஸ்காட்லாந்து யார்டில் டால்கிளீஷின் விசாரணையை எதிர்கொள்கிறாள்.

புதினத்தினுள்ளேயே இருக்கும் வாசகர்கள்

வாசக ஏற்புக் கோட்பாட்டாளரான யாவுஸ், ஒரு நூலை அணுகும் வாசகர் வெறுங்கையுடன் வருவதில்லை. முன்னர்ப் படித்தவற்றால் உருவான 'எதிர்பார்ப்பு எல்லை' ஒன்றைச் சுமந்துகொண்டே வருகிறார் என்பார். ஜேம்ஸ் அந்த எதிர்பார்ப்பைத் தலைப்பிலேயே நிறுத்திவிட்டார். நூலின் தொடக்கத்தில் ஒரு மதுக்கடைப் பணிப்பெண், பெர்னி இறந்துவிட்டதால் கார்டீலியா வேறு வேலை தேடிக்கொள்வாள் என்று இயல்பாக எண்ணிப் பேசுகிறாள். அவள் பேச்சில் பகையேதும் இல்லை, பரிவே இருக்கிறது. அதனால்தான் அத்தீர்ப்பு வலுவுடையதாகிறது. பின்னர் மார்க்கின் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அதற்கு நேர்மாறாக, எல்லையற்ற ஆர்வமும் பொறுமையும் பிறர் விவகாரத்தில் தலையிடும் நாட்டமும் வேண்டப்படும் இப்பணி பெண்ணுக்கு மிகப் பொருத்தமானதே என்ற பொருள்படக் கூறுகிறார். முதலாமவர் இரக்கத்தோடு மறுக்கிறார். இரண்டாமவர் பாராட்டுவது போலவே இகழ்கிறார். பிறந்த ஒரு மணி நேரத்தில் இழந்த தாயைக் கார்டீலியா மனத்தில் கற்பனை செய்து வளர்த்து வந்தவள். அந்தத் தாய் இப்பணியை முற்றிலும் ஏற்றதென்றே கருதுவாள் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். நூலில் அவளுக்குக் கிடைக்கும் முழு மனதான ஒப்புதல் உயிரோடில்லாத ஒருவரிடமிருந்துதான் வருகிறது.

காலச்சூழலையும் ஈண்டு நோக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். ஆடவர்க்கு மட்டுமே உரியனவாயிருந்த கல்லூரிகளுள் சர்ச்சில், கிளேர், கிங்ஸ் ஆகிய மூன்றும் பெண் இளங்கலை மாணவர்களை முதன்முதலாகச் சேர்த்தது 1972இல், அதாவது இப்புதினம் வெளிவந்த அதே ஆண்டில். வேலையில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிட்டானியச் சட்டம் 1975இல்தான் வந்தது. கார்டீலியாவோ துறவு மடப் பள்ளியில் பயின்று கேம்பிரிட்ஜ் செல்லும் கனவோடு இருந்தவள். பதினாறாம் வயதில் தந்தை அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துத் தம் புரட்சித் தோழர்களுக்குச் சமைக்கவும் பணிவிடை செய்யவும் வைத்துக்கொண்டார். எனவே மார்க்கின் நண்பர்களோடு அவள் ஆற்றங்கரையில் அமரும் காட்சிகளில் துப்பு மட்டும் தேடப்படவில்லை. தனக்குக் கிடைக்காமற்போன ஒரு வாழ்க்கையை அவள் அருகிலிருந்து பார்க்கிறாள். பதினாறு வயதில் படிப்பை இழந்த ஆசிரியரின் வாழ்வை இதனுடன் ஒப்பிடத் தோன்றும். அவ்வொப்பீட்டை மிகையாக நீட்டவேண்டியதில்லை.

கடன் வாங்கிய அறிவு என்னும் குற்றச்சாட்டு

பெண் துப்பறிவாளர் பற்றிய ஆய்வுகளுள் கேத்லீன் கிரெகரி கிளைன் 1988இல் வெளியிட்ட 'தி வுமன் டிடெக்டிவ்' குறிப்பிடத்தக்கது. துப்பறியும் புதினத்தின் மரபும் 'பெண்' என்னும் சமூக வரையறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆகவே நாயகி ஒன்று நல்ல துப்பறிவாளராகத் தோற்பாள், அல்லது 'முறையான' பெண்ணாகத் தோற்பாள் என்பது அவரது அடிப்படை வாதம். கார்டீலியாவையும் அவர் இத்தராசில்தான் நிறுத்துகிறார். இவ்வாதத்தைப் பின்பற்றும் வாசகர்கள் வழக்கமாகச் சுட்டுவது, கார்டீலியாவின் தொழிலறிவு முழுவதும் பெர்னியிடமிருந்து வந்தது, பெர்னிக்கோ அது அவருடைய பழைய மேலதிகாரியிடமிருந்து வந்தது என்பதாகும். அம்மேலதிகாரி வேறு யாருமல்லர், டால்கிளீஷ்தான். ஒரு பெண் தன் பெயரில் துப்பறியும் கதையில்கூட அறிவின் ஊற்று ஓர் ஆடவரிடமே இருக்கிறது என்பது குறை.

இக்குறையை நான் ஏற்கவில்லை. எந்தத் தொழிலும் முன்னவரிடமிருந்தே கற்கப்படுகிறது. நம்முள் யார் ஆசிரியரின்றித் தாமாகவே ஆய்வு நெறி கற்றோம்? கற்றதை ஒருவர் எங்கே பயன்படுத்துகிறார் என்பதே வினா. தேவையற்ற பொய் சொல்லாதே, உண்மைக்குப் பெரும் அதிகாரம் உண்டு, கெட்டிக்காரக் குற்றவாளிகள் அகப்படுவது இன்றியமையாத ஒரு பொய்யால் அன்று, சிறு செய்திகளில் வீணாகச் சொன்ன பொய்களால்தான் என்ற கருத்துடைய பாடத்தைப் பெர்னி வழியாகக் கார்டீலியா கற்றிருக்கிறாள். குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரிக்குரிய பாடம் இது. அதை அவள் அதிகாரியிடமிருந்து தப்பப் பயன்படுத்துகிறாள். விசாரணையில் அவள் சொல்வன ஏறக்குறைய அனைத்தும் உண்மை. ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்கிறாள். டால்கிளீஷைத் தோற்கடிப்பது டால்கிளீஷின் பாடமே. இதைக் கடன் வாங்கிய அறிவு என்பார் கடனை அவள் எவ்வளவு வட்டியோடு திருப்பினாள் என்பதைப் பார்க்கத் தவறுகின்றனர்.

கிணற்றுக் காட்சியையும் இங்குச் சேர்த்துக் காணலாம். கேலண்டரின் கையாளான லன் அவளைக் கிணற்றில் தள்ளி மூடிவிடுகிறான். அவள் முதுகையும் கால்களையும் சுவரில் உந்தி அங்குலம் அங்குலமாக மேலேறுகிறாள். மார்க்கின் தோல் வார் அவளைத் தாங்குகிறது. மூடியை நீக்குபவர், முன்பு அதே கிணற்றில் தம் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண்மணி. தானே ஏறியது பாதி, இன்னொரு பெண் திறந்துவிட்டது பாதி. ஆடவர் எவரும் அங்கு மீட்க வரவில்லை. 1972இல் இது சிறிய செய்தி அன்று.

கண்ணீர்

வாசகர்கள் பெரிதும் முரண்படும் இடம் இனி வருவது. விசாரணை முடியும் தறுவாயில், லீமிங் ஒரு வாகன விபத்தில் இறந்துவிட்ட செய்தி வருகிறது. அதுவரை குலையாதிருந்த கார்டீலியா டால்கிளீஷின் முன்னிலையில் உடைந்து அழுகிறாள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் இருந்த நாள்களில் பழைய புத்தகக் கடை ஒன்றில் இந்நூலை வாங்கினேன். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் பக்கங்களில் ஒன்றும் எழுதவில்லை. இந்த ஓரிடத்தில் மட்டும், பத்தி முழுவதற்கும் பென்சிலால் ஒரு கோடிட்டு, அருகில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அது பாராட்டா கண்டனமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கண்டனம் என்றே நான் அன்று முடிவு செய்தேன். ஏனெனில் எனக்கும் சினமே வந்தது. இருநூறு பக்கங்களுக்கு மேல் தனித்து நின்றவளை, கடைசியில் தந்தையை ஒத்த ஓர் அதிகாரியின் முன் குழந்தையாக்கி அழவிட்டுவிட்டாரே என்று எண்ணினேன். அந்நாளில் 1982இல் ஒன்றாக அறிமுகமான சேரா பரெட்ஸ்கியின் வி. ஐ. வார்ஷாஸ்கி, சூ கிராஃப்டனின் கின்ஸி மில்ஹோன் ஆகிய அமெரிக்கத் துப்பறிவாளர்களை விரும்பிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அடி வாங்குவார்கள், திருப்பி அடிப்பார்கள், அதிகாரியின் மேசைமுன் அமர்ந்து அழமாட்டார்கள். அவர்களைக் கொண்டு கார்டீலியாவை அளந்தேன். யாவுஸ் சொன்ன எதிர்பார்ப்பு எல்லையைக் கோட்பாடாகப் படித்துக்கொண்டே, எனக்கு அப்படியோர் எல்லை இருப்பதைக் காணாதிருந்தேன்.

பின்னாளில் இதைப் பாடமாக நடத்த நேர்ந்தபோதுதான் அப்பகுதியை வரிவரியாகப் படித்தேன். அவள் எதற்காக அழுகிறாள்? அச்சத்தால் அன்று. லீமிங் இறந்துவிட்டதால் இரகசியம் வெளிப்படும் வாய்ப்பே அற்றுவிட்டது. ஆபத்து நீங்கிய பின்னரே அவள் அழுகிறாள். ஒப்புக்கொண்டும் அழவில்லை, அழுதபின்னும் அவள் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அழுகையினூடே அவள் வாயிலிருந்து வருவது பெர்னியைப் பற்றிய பேச்சு. வேலையிலிருந்து நீக்கியபின் அவர் எப்படி இருக்கிறார் என்று டால்கிளீஷ் ஒருமுறையேனும் விசாரித்ததில்லை, இறுதிச் சடங்கிற்கும் வரவில்லை என்கிறாள். அதுவரை கேட்பவர் அவர், விடை சொல்பவள் அவள். அந்த ஓரிடத்தில் அவள் கேட்கிறாள், அவருக்கு விடையில்லை. நூலின் முதற்பக்கங்களில் பெர்னியின் உடலைக் கண்டபோது முறைப்படி அழாதிருந்தவள் அவள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட துயரம், அதற்குப் பொறுப்பான ஒருவரின் முன்னிலையில் குற்றச்சாட்டாக வெளிப்படுகிறது. இதைச் சரணாகதி என்று படிப்பது கண்ணீரை மட்டும் பார்த்துச் சொற்களைப் படியாமல் விடுவதாகும்.

இவ்விளக்கத்தை வகுப்பில் மிகுந்த தன்னம்பிக்கையுடன் முன்வைத்தேன். பகுதிநேரமாகப் பயின்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டுவிட்டு, பணிவுடன் மறுத்தார். "நீங்கள் சொல்வது சரிதான் டாக்டர். ஆனால் நான் பள்ளியில் தலைமையாசிரியர் முன் ஒருநாளும் அழுததில்லை. அழுதால் அதுவரை நான் சொன்ன எல்லாமும் செல்லாமற் போய்விடும்" என்றார். அவர் பேசியது பாத்திரத்தின் உள்நோக்கம் பற்றியதன்று. அறையிலுள்ள மற்றவர் அந்த அழுகையை எவ்வாறு எழுதிக்கொள்வார் என்பது பற்றியது. எனக்கு உடனே விடை தோன்றவில்லை. புதினத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவர் ஐயுற்றது பக்கத்திலேயே இருந்தது.

அவள் இல்லாத அறை

பெரும்பாலும் கார்டீலியாவின் பார்வையிலேயே நகர்ந்து வந்த கதை, அவள் அழுதுவிட்டுச் சென்றபின், டால்கிளீஷும் அவர் மேலதிகாரியும் பேசும் அறைக்குள் நுழைகிறது. கார்டீலியா அங்கில்லை. அவளைப் பற்றிய தீர்ப்பு அங்கேதான் வழங்கப்படுகிறது. நடந்ததை டால்கிளீஷ் ஏறக்குறைய ஊகித்துவிட்டார், ஆயினும் மேற்கொண்டு தோண்டப் போவதில்லை. அவளை அவர் குறிப்பிடுவது ஒரு சிறுமியைக் குறிப்பிடுவது போலத்தான். அவளிடம் தாம் தோற்றதை அவர், பெர்னி பிரைட் இறந்தபின் தம்மைப் பழிவாங்கியதாக விளக்கிக்கொள்கிறார். அவள் கேம்பிரிட்ஜில் செய்தவை யாவும் பெர்னியின் வழிகாட்டலால் நிகழ்ந்தவை என்பது அவர் கருத்து.

இங்குதான் கிளைனின் வாதத்திற்கு உண்மையான பிடிமானம் உள்ளது எனக் கருதுகிறேன். கண்ணீர் குறையன்று. வெற்றியின் பெயர் மாற்றி எழுதப்படுவதுதான் குறை. பெர்னி வாழ்நாளில் ஒரு வழக்கையும் உருப்படியாக முடிக்காதவர் என்பது நூல் முழுவதும் தெளிவு. எனினும் கேலண்டரின் குற்றத்தைத் தனியே கண்டறிந்த பெண்ணின் வெற்றி, ஓர் ஆடவரின் வாயால் இன்னோர் ஆடவருக்கு, அதுவும் இறந்தவருக்கு, வழங்கப்படுகிறது. ஜேம்ஸ் இதை எள்ளலாக எழுதினாரா, டால்கிளீஷின் குருட்டுத்தன்மையைக் காட்ட எழுதினாரா, தாமும் அவ்வாறே நம்பினாரா? வாசகர் நிரப்பவேண்டிய வெற்றிடம் என்று ஐசர் கூறுவது இத்தகைய இடத்தைத்தான். எள்ளலென்றே கொள்ள எனக்கு விருப்பம். ஆனால் தம் பிற புதினங்களில் டால்கிளீஷை இவ்வளவு மதிப்புடன் நடத்தும் ஆசிரியர், இவ்விடத்தில் மட்டும் அவரைக் கேலி செய்கிறார் என்பதற்கு நூலில் வலுவான சான்று காட்ட என்னால் இயலவில்லை.

நீதி பற்றிய கருத்து வேறுபாடு

ஒழுக்கம் சார்ந்த மறுப்பு வேறு வகையினது. கொலையொன்றை மறைத்தவளை நாயகியாக ஏற்கலாமா என்பது அது. வகுப்பில் இவ்வினா எழும்போதெல்லாம் எவரேனும் கண்ணகியை அழைத்து வந்துவிடுவர். அது இங்கு உதவாது. கண்ணகி அவையேறிச் சான்று காட்டி உண்மையை உரக்கச் சொன்னவள். கார்டீலியா உண்மையை ஒளித்து வைப்பவள். இருவரும் நேரெதிர்த் திசையில் செல்பவர்கள்.

அவள் ஏன் மறைத்தாள் என்பதற்குப் புதினம் தரும் விளக்கம், லீமிங்கின்மீது கொண்ட அன்பன்று, மார்க்கின்மீது கொண்ட பற்று. இதை ஏற்க முடியாதவர்கள், பார்த்தேயிராத ஓர் இளைஞன்மீது அவள் கொள்ளும் பற்றைக் காதல் என்று சுருக்கி, பெண் துப்பறிவாளரை உணர்ச்சிவசப்பட்டவளாகக் காட்டிவிட்டார் ஆசிரியர் என்கின்றனர். ஆனால் கதையின் கட்டமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. மகனைக் கொன்ற கேலண்டர், அவன் உடலைப் பெண் உடையும் உதட்டுச் சாயமுமாக இழிவான நிலையில் விட்டுச் சென்றார். அதைக் கண்ட லீமிங் உடலைத் தூய்மைப்படுத்தி, கடிதமொன்றைத் தட்டச்சு செய்து, தற்கொலையாக மாற்றினார். தாய் மகனுக்குச் செய்ததையே கார்டீலியா அத்தாய்க்காகத் தந்தையின் உடலுக்குச் செய்கிறாள். உண்மை வெளிவந்தால் மார்க்கின் உடல் எந்நிலையில் கிடந்தது என்பதும் நீதிமன்றத்தில் வெளிவரும். அவள் காக்க விரும்பியது அதைத்தான். இச்செயல் சரியா என்பது வேறு. அது உணர்ச்சியால் தடுமாறியவளின் செயலன்று, ஆலோசித்துச் செய்தவளின் செயல் என்பது உறுதி. துப்பாக்கியில் கைரேகை பதிவது முதற்கொண்டு எண்ணிப் பார்த்து நடந்துகொள்கிறாள்.

மணம் முடிக்க விரும்பிய வாசகர்கள்

பொதுவாசகர்களின் கருத்து இவற்றினின்றும் வேறு திசையில் ஓடியது. டால்கிளீஷையும் கார்டீலியாவையும் மணமுடித்து வைக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினர். ஜேம்ஸே 1977இல் வெளியான 'மர்டர் இங்க்' தொகுப்பில் ஆடம் கார்டீலியாவை மணக்க வேண்டுமா என்ற வினாவையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதும் அளவிற்கு இவ்விருப்பம் பரவியிருந்தது. 1975இல் வந்த 'தி பிளாக் டவர்' புதினத்தில் மருத்துவமனையிலிருக்கும் டால்கிளீஷுக்குக் கார்டீலியா சிறு மலர்க்கொத்து அனுப்புவதாக ஒரு குறிப்பு வருவதால், ஆசிரியரும் அந்நெருப்பில் சிறிது நெய் வார்த்தார் எனலாம். முடிவில் 2008இல் வெளிவந்த 'தி பிரைவேட் பேஷண்ட்' நூலில் டால்கிளீஷ் மணப்பது எம்மா லாவன்ஹாம் என்னும் கேம்பிரிட்ஜ் விரிவுரையாளரை.

தமிழ்த் துப்பறியும் கதைகளில் ஊறியவர்களுக்கு இவ்விருப்பம் வியப்பளிக்காது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி எனத் துப்பறிவாளரை இணையராகவே கண்டு பழகியவர்கள் நாம். அவ்விணைகளில் பெண்ணின் பெயர் இரண்டாவதாகவே வரும். கார்டீலியாவுக்கும் பெயர்ப்பலகையில் பங்காளி இருந்தார். முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோனார். அவர் இறந்தால்தான் அவள் கதை தொடங்க முடிந்தது.

1982இல் வந்த இரண்டாம் புதினம் 'தி ஸ்கல் பினீத் த ஸ்கின்' கார்டீலியாவை விரும்பியோரை ஏமாற்றியது என்பதில் வாசகர்களிடையே பெரும்பாலும் உடன்பாடு காணப்படுகிறது. பத்தாண்டு கழித்து வந்த அந்நூலில் அவள் காணாமற்போன வளர்ப்புப் பிராணிகளைத் தேடிக் கொடுத்து நிறுவனத்தை நடத்துகிறாள். தீவு மாளிகையில் ஒரு நடிகைக்குக் காவலாக அமர்த்தப்பட்டும் அவரைக் காக்க முடியவில்லை. உண்மை தெரிந்தும் மெய்ப்பிக்க முடியவில்லை. இவ்வேமாற்றம் நியாயமானதே. நாயகியைக் காட்டிலும் தீவும் மாளிகையும் ஆசிரியரை ஈர்த்துவிட்டன.

அதன்பின் ஜேம்ஸ் கார்டீலியாவை நாயகியாக்கி எழுதவில்லை. 1997 முதல் 2001 வரை ஹெலன் பாக்ஸண்டேல் நடித்து ஐடிவியில் ஒளிபரப்பான தொடரில், நடிகை கருவுற்றதால் கார்டீலியாவும் கருவுற்றவளாகக் காட்டப்பட்டாள். ஆசிரியர் இதனால் பெரிதும் மனம் வருந்தினார். தம் பாத்திரம் தம் கையை விட்டுப் போய்விட்டது என்று ஓர் எழுத்தாளர் உணர்வதை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் வயிற்றில் குழந்தையுடன் துப்பறியும் பெண்ணை ஏற்கத் தயங்கியவர், பெண்ணுக்கு ஏற்காத பணி எது என்ற வினாவைத் தாமே தொடங்கி வைத்தவர் அல்லவா? ஒருகால் வேலைக்குச் சென்றுகொண்டே இரு மகள்களை வளர்த்தவருக்கு அதன் சுமை நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்ததோ என்னவோ.

மேற்கூறிய ஆசிரியை தம் பருவக் கட்டுரையில் டால்கிளீஷும் மேலதிகாரியும் பேசும் பகுதியை ஒரு வரியும் குறிப்பிடாமல் விட்டிருந்தார். இந்தப் பகுதியைத்தானே நீங்கள் சுட்டினீர்கள், ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கார்டீலியாவுக்கு அப்பேச்சு தெரியவே தெரியாது, அவள் கிங்லி தெருப் படிகளில் ஏறி, அடுத்த வழக்கோடு காத்திருக்கும் மனிதரைப் பார்க்கப் போகிறாள், தாம் அவளோடு போய்விட்டதாகச் சொன்னார். அதற்கு எவ்வளவு மதிப்பெண் இடுவது என்று நான் நெடுநேரம் யோசித்தேன்.